கம்பம் பள்ளத்தாக்கில் பசுமைக்குடில்: வெயிலா, காற்றா?

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மைத்துனன் போன் செய்தான். "மச்சான், கூரை போச்சு" என்றான். பின்னால் ஷீட் படபடவென்று அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் இடையில் அவனுக்கு 1008 சதுர மீட்டரில் ஒரு பாலிஹவுஸ். ஊர்க் கணக்கில் 25 சென்ட். மத்திய அரசின் தோட்டக்கலை இயக்கத்தில் பாதி மானியம் உண்டு. ஆனால் அது அரசு நிர்ணயித்த விலையில் பாதி. கையிலிருந்து போகிற காசில் பாதி அல்ல. மீதிக்கு வங்கிக் கடன், அதற்கும் மேல் என் மனைவியின் நகை. ஆகவே இந்தக் கட்டுரையில் எனக்கு ஆராய்ச்சி ஆர்வம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் பெங்களூரிலிருந்து கிளம்பிப் போய்ப் பார்த்தேன். நான் விவசாயி இல்லை, சிவில் இன்ஜினியரும் இல்லை. பி.இ. படித்தபோது கற்ற கொஞ்சம் திரவ இயக்கவியலும் வெப்பவியலும், அதற்குப் பிறகு படித்ததும்தான் கையிருப்பு. அடுத்த இரண்டு மாதம் போட்ட கணக்குகளை இங்கே எழுதி வைக்கிறேன். நம் பக்கம் பாலிஹவுஸ் போட நினைக்கும் யாருக்காவது உதவும்.

முதல் கேள்வி, பசுமைக்குடில் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது? குளிர் நாட்டில் சூட்டைப் பிடித்து வைக்க. கண்ணாடி, வெளிச்சத்தை உள்ளே விட்டு வெப்பக் கதிரை வெளியே விடாமல் தடுப்பதால்தான் உள்ளே சூடாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்குப் பாறை உப்புத் தகட்டு மூடி. பாறை உப்பு வெப்பக் கதிரைத் தாராளமாக வெளியே விடும். வெயிலைக் கண்ணாடி வழியாக வடிகட்டி இரண்டின் மேலும் விழச் செய்தபோது, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில், 55 டிகிரி பக்கம் வந்து நின்றன. அதாவது குடிலுக்குள் சூடு ஏற முக்கியக் காரணம், சூடான காற்று மேலே போய்த் தப்பிக்க வழியில்லாததுதான். வழி திறந்தால் சூடு போய்விடும். நம்ம ஊர்க் குடிலின் வடிவமைப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன விலகல். கம்பம் என்றாலே பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு பிரபுவின் தோட்டக்காரராக இருந்த சீவர்ட் ஸ்னோ என்பவர் 1850 வாக்கில், கறுப்பு ஹாம்பர்க்கையும் அலெக்ஸாண்டிரியா மஸ்கட்டையும் கலந்து கண்ணாடிக் குடிலுக்காக உருவாக்கிய ரகம் அது. பிற்கால மரபணு ஆய்வும் அதே தாய் தந்தையைத்தான் காட்டியது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று நம் பக்கம் சொல்வார்கள். இரண்டு தேதியும் இடிக்கிறது. முதலில் வந்தது வேறொரு திராட்சை, பன்னீர் அதற்குப் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்தது என்பது என் ஊகம். எப்படியானாலும் இங்கிலாந்தில் கண்ணாடிக்குள் வளர்த்த கொடி, சுருளிப்பட்டியில் கல்தூணும் கம்பியும் போட்ட பந்தலில், நாலு பக்கமும் திறந்தவெளியில், ஆண்டு முழுக்கக் காய்க்கிறது. அங்கே அதற்குச் சூடு வேண்டியிருந்தது. இங்கே அது வேண்டிய மட்டும் இருக்கிறது.

இனி வெயில் கணக்கு. சித்திரை மதியம் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 900 வாட் வெயில் விழும். 200 மைக்ரான் யூ.வி. ஷீட் அதில் 80 சதவீதம் உள்ளே விடும் என்று வையுங்கள். எதிரொளிப்பு போக 600 வாட் வெப்பமாக உள்ளே தங்கும். குடிலின் சராசரி உயரம் 5 மீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே 5 கன மீட்டர் காற்று, எடை 6 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஒரு டிகிரி சூடாக்க இந்த 600 வாட்டுக்குப் பத்து விநாடி போதும். தரையும் குழாயும் கொஞ்சம் இழுத்துக்கொள்வதால் நிஜத்தில் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் எல்லாப் பக்கமும் மூடிவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால் நாற்று வெந்திருக்கும் என்பது உண்மை.

ஆகவே காற்று மாறிக்கொண்டே இருக்கணும். நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கிற காற்று முழுவதும் மாறினால், வெளியே இருப்பதைவிட 6 டிகிரி கூடுதலாக நிற்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறைதான் மாறுகிறது என்றால் 19 டிகிரி. வெளியே 37 இருக்கும்போது இதைக் கூட்டிப் பாருங்கள். செடி நன்றாக வளர்ந்து இலை மூடியிருந்தால் பாதி வெப்பத்தை அது நீராவியாக்கிவிடும். அப்போது இந்த எண்கள் பாதியாகும். அதனால்தான் நிறைந்த குடிலைவிடக் காலிக் குடில் சூடாக இருக்கும், நடவு செய்த முதல் மூன்று வாரம்தான் கண்டம்.

இதில் பூச்சித்தடை வலை வேறு. வெள்ளை ஈ வராமல் இருக்க 40 மெஷ் வலை கட்டுகிறோம். பூச்சி நுழையாத ஓட்டையில் காற்றும் தாராளமாக நுழையாது. பக்கவாட்டில் வலை கட்டினால் காற்றோட்டம் பாதியாகும் என்று வைத்தே திறப்பைக் கணக்குப் போடணும். வலைக்கு மேல் படிகிற செம்மண் தூசியை மாதம் ஒரு முறையாவது தண்ணீர் அடித்துக் கழுவணும். மைத்துனன் குடிலில் ஒரு வருடமாக யாரும் கழுவவில்லை. "உள்ள நிக்க முடியல மச்சான்" என்று அவன் சொன்னதற்கு அது ஒரு காரணம். குடில் போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர் இதற்குச் சொன்ன மருந்து, "மேற்குப் பக்கத் திரையை முழுக்கச் சுருட்டி விடுங்க, காத்து ஜம்முனு வரும்." வந்தது.

காற்றுக் கணக்குக்கு முன்னால் நம் பள்ளத்தாக்கின் அமைப்பைச் சொல்லணும். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் லோயர் கேம்ப்பிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வரை ஒரு நீண்ட தொட்டி. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையை இறக்கிவிட்டு, மலை இறங்கி இந்தத் தொட்டிக்குள் பாயும். தமிழ்நாட்டில் காற்றாலைக்கு ஏற்ற கணவாய்கள் என்று நான்கைச் சொல்வார்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கிற காற்றாடிகளைப் பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்த்திருப்போம். காற்றாலைக்காரர்கள் தேடி வந்து இடம் பிடித்த ஊரில்தான் நாம் குழாயில் பிளாஸ்டிக் கட்டி நிறுத்துகிறோம்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோ. அதுவே இரண்டு மடங்காகி 72 கிலோமீட்டர் ஆனால் 24 கிலோ. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியில் மதுரைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர். அதற்கு 93 கிலோ வரும். அது பல வருடத்துக்கு ஒரு முறை வரக்கூடிய உச்சம். நான் ஆடிக் காற்றின் சாதாரண வீச்சுக்கே, 72 கிலோமீட்டருக்கே கணக்குப் போட்டேன்.

கூரை மேல் ஓடும் காற்று அதை அழுத்தாது, மேலே உறிஞ்சும். குடிலின் எல்லாப் பக்கமும் மூடியிருந்தால் இந்த உறிஞ்சல் அழுத்தத்தில் 0.6 பங்கு இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். காற்று வரும் பக்கத்தை மட்டும் திறந்து எதிர்ப்பக்கத்தை மூடினால் உள்ளே புகுந்த காற்றும் கூரையை மேலே தள்ளும். பெரிய திறப்புக்குத் தரநிலை சொல்கிற உள் அழுத்தக் குணகம் 0.7. இரண்டும் கூடினால் 1.3. திரையைத் தப்பான பக்கம் திறந்து வைத்த ஒரே காரணத்தால் கூரையைத் தூக்குகிற விசை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

நடுத் தூண் ஒன்றின் பங்குக்கு 8-க்கு 4 மீட்டர், 32 சதுர மீட்டர் கூரை. மூடிய குடிலில் அந்தத் தூணைக் காற்று இழுப்பது 470 கிலோ. மேற்கைத் திறந்தால் ஆயிரம் கிலோவைத் தாண்டும். அந்தத் தூணின் பங்குக்கு வரும் இரும்பின் எடை 220 கிலோ இருந்தால் அதிகம். ஒரு மீட்டர் ஆழம், 45 சென்டிமீட்டர் விட்டத்தில் கான்கிரீட் போட்டிருந்தால் 380 கிலோ. ஆக 600. மூடிய குடிலைத் தன் எடையே பிடித்துக்கொள்ளும். திறந்ததை மண்ணின் பிடிதான் காப்பாற்றணும்.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது அந்த ஒரு மீட்டர்தான். தோண்டிப் பார்த்தோம். 60 சென்டிமீட்டர் ஆழம், 30 சென்டிமீட்டர் விட்டம். கான்கிரீட் நூறு கிலோ சொச்சம். மேற்கு ஓரத்தில் இரண்டு தூண்கள் நாலு விரற்கடை மேலே வந்து நின்றன. அன்றைக்குக் கிழக்குத் திரையின் கயிறு சிக்கி அது கீழேயே கிடந்திருக்கிறது. மேற்கு மட்டும் விரியத் திறந்திருந்தது.

ஆனாலும் குடில் சாயவில்லை. ஷீட் கிழிந்ததுதான் அதைக் காப்பாற்றியது. ஷீட் போனதும் காற்றுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. வெறும் எலும்புக்கூடு வழியாகப் போய்விட்டது. ஃபியூஸ் மாதிரி. புயல் வரும்போது சட்டகத்தைக் காப்பாற்ற ஷீட்டைக் கத்தியால் அறுத்துவிடுகிற பழக்கம் பல நாடுகளில் உண்டு. நம்ம ஆட்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் கணக்குப்படி சரி.

கிழிந்த இடத்தையும் பார்த்தேன். ஒரே வீச்சில் கிழிந்ததல்ல. ஷீட் எங்கெல்லாம் வெயிலில் காய்ந்த குழாயைத் தொட்டுக்கொண்டு இருந்ததோ அந்தக் கோடு வழியாகத்தான் போயிருக்கிறது. சூட்டுக் குழாய் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் சீக்கிரம் நைந்துபோகும். மேலே வெள்ளைப் பெயின்ட்டோ வெள்ளை டேப்போ இருந்தால் தாங்கும். கந்தகமும் ஷீட்டில் இருக்கிற யூ.வி. காப்பைத் தின்னும். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிக்கிற ஊர். இதை ஷீட் விற்பவர்கள் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

இப்போது சிக்கல் தெளிவாகத் தெரியும். வெயிலுக்காகத் திறக்கணும், காற்றுக்காக மூடணும். நல்லவேளையாக இரண்டும் ஒரே மாதத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தும், காற்று அசையாது. ஆனி, ஆடியில் காற்று. மேகமும் சாரலும் இருப்பதால் வெயில் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆகவே வருடம் முழுக்க ஒரே மாதிரி நிற்கிற குடில் நமக்கு ஒத்துவராது. பருவத்துக்கு ஒரு மாதிரி மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும்.

திசை விஷயத்திலும் இதே இழுபறிதான். தண்ணீர்க்காலை வடக்கு தெற்காக வைத்தால் அதன் நிழல் ஒரே பாத்தியில் நிற்காமல் நாள் முழுக்க நகரும். கூரையில் இருக்கிற நிரந்தரத் திறப்பு காற்றுக்கு முதுகைக் காட்டணும். மேல்காற்று அடிக்கும் ஊரில் அது கிழக்கே பார்க்கணும். இதுவரை எல்லாம் பொருந்துகிறது. ஆனால் ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சரிந்து அடிக்கும்போது அதே திறப்பு வழியாகத் தண்ணீர் நாற்றின் தலையில் விழும். நாங்கள் எடுத்த முடிவு: திறப்பு கிழக்கேதான், மழைக்கு அங்கே சுருட்டி இறக்குகிற ஒரு திரை. மழை நாற்றைக் கெடுக்கும், காற்று குடிலையே கெடுக்கும் என்பதால் காற்றுக்கு முன்னுரிமை.

விசிறியும் ஈரத்தட்டியும் வைத்த குடிலைப் பற்றியும் மைத்துனன் கேட்டான். சித்திரையில் 37 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் அது காற்றை 27 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும், அருமையான சாதனம்தான். ஆனால் மும்முனை மின்சாரம் போன அடுத்த சில நிமிடங்களில் என்ன ஆகும் என்பதை மேலே இருக்கிற பத்து விநாடிக் கணக்கு சொல்கிறது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் குடைமிளகாய் விற்றுக் கடன் கட்ட முடியாது. அதோடு குடைமிளகாய்க்கு இரவில் 20 டிகிரி பக்கம் இறங்கணும். ஓசூரிலும் கொடைக்கானலிலும் இறங்கும், கம்பத்துச் சித்திரை இரவு இறங்காது. விசிறி பகல் சூட்டைத்தான் குறைக்கும்.

இத்தனையும் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் சொன்னார்: "சின்னமனூர்ப் பக்கம் கொடிக்காலைப் போய்ப் பாருங்க மாப்பிள்ளை. வெத்தலைக்காரன் இதையெல்லாம் ஷீட் இல்லாமச் செய்றான்."

போனேன். கொடிக்காலுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது சத்தம் அடங்குவது. வெளியே தென்னை ஆடிக்கொண்டிருக்கிறது, உள்ளே வெற்றிலை அசையவில்லை. வரிசையாக அகத்தி; அதில்தான் கொடி ஏறுகிறது. அகத்தி நாலு மீட்டர் உயரம் வந்ததும் நுனியை ஒடித்துவிடுகிறார்கள். வெயில் கூடினால் தழையை விடுவது, மப்பு நாட்களில் கழித்து ஆட்டுக்குப் போடுவது. நிழல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஏற்பாடு அதுதான். பாத்திகளுக்கு நடுவே பள்ளமான வாய்க்காலில் தண்ணீர், ஈரப்பதம் அதிலிருந்து. காற்று வரும் பக்கம் தென்னங்கீற்றுப் படல். படல் காற்றை முழுக்க நிறுத்துவதில்லை, சல்லடையாகச் சலித்து விடுகிறது. இது முக்கியமான விஷயம். முழுச் சுவர் கட்டினால் காற்று மேலே ஏறிச் சுவருக்குப் பின்னால் சுழன்று விழும். பாதி திறந்த தடுப்புதான் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றை அடக்கும். வங்காளத்திலும் வெற்றிலைக்கு மூங்கிலிலும் சணல் குச்சியிலும் கூரை, சுவரோடு பரஜ் என்று ஒரு குடில் கட்டுவார்கள். அது நிஜமாகவே அறை மாதிரி இருக்கும். நம் கொடிக்கால் இன்னும் கொஞ்சம் திறந்த மனசு.

அங்கே நின்றபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. நான் இரண்டு மாதம் கணக்குப் போட்ட நாலு விஷயமும், நிழல், ஈரம், காற்றுத் தடுப்பு, காற்றோட்டம், அங்கே மரத்திலும் ஓலையிலும் நின்றுகொண்டிருந்தது. ஆனால் கொடிக்காலை அப்படியே எடுத்துவந்து தக்காளி நாற்று வளர்க்க முடியாது. நாற்றுக்கு வெற்றிலையைவிட வெளிச்சம் அதிகம் வேண்டும், மழை படக்கூடாது, வெள்ளை ஈ நுழையக்கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வரிசைமுறை: முதலில் காற்றை வெளியே அடக்கு, பிறகு கூரையை யோசி. நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்.

குடிலில் எதை வளர்ப்பது என்பதும் மாறியது. திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையத்துக்கு இருவரும் போய் வந்தோம். அங்கே குழித்தட்டு நாற்றுகளைப் பார்த்துவிட்டு வரும்போதே மைத்துனன் பஸ்ஸில் மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். 98 குழித் தட்டு, தென்னை நார்க்கழிவு, தக்காளி நாற்று 25 நாளில் விற்பனைக்கு. பயிர் நாலு மாதம் உள்ளே நின்றால் ஏதாவது ஒரு கெட்ட வாரத்தில் மாட்டியே தீரும். 25 நாள் நாற்றை ஆடிக் காற்றுக்கு முன்னால் விற்று முடிக்கலாம். நம் பக்கம் ஜி-9 வாழை எக்கச்சக்கம். திசு வளர்ப்புக் கன்றை வயலுக்கு அனுப்புவதற்கு முன் ஆறிலிருந்து எட்டு வாரம் பையில் வைத்து நிழல்வலையில் பழக்கணும். அதற்குப் பாலித்தீன் கூரையே வேண்டாம், 50 சதவீத நிழல்வலை போதும். வலை காற்றை ஊடே விடுவதால் தூக்குகிற விசையும் குறைவு.

ஆகவே 25 சென்ட்டில் கிழக்குப் பாதியில் மட்டும் புதிய ஷீட். மேற்குப் பாதியில் நிழல்வலை. ஒவ்வொரு தூணைச் சுற்றியும் தோண்டி, பழைய கான்கிரீட்டோடு கம்பி கோத்து, ஒரு மீட்டர் ஆழத்துக்குப் புதிதாகக் காலர் போட்டோம். செலவு வலித்தது. மேற்கு எல்லையில் இரண்டு வரிசை அகத்தி விதைத்திருக்கிறது. அது வளரும் வரை கல்தூண் நட்டு நிழல்வலையைச் செங்குத்தாகக் கட்டியிருக்கிறோம். கல்தூண் பழைய திராட்சைப் பந்தலிலிருந்து சல்லிசாகக் கிடைத்தது.

என் பங்குக்கு ஒரு இ.எஸ்.பி.32 பலகையும் கிண்ணக் காற்றுமானியும் வைத்து ஓர் எச்சரிக்கைக் கருவி செய்து கொடுத்தேன். காற்று நொடிக்கு 8 மீட்டரைத் தாண்டினால் சங்கு ஊதும், மைத்துனனுக்கு போன் போகும். திரையை மோட்டாரில் இறக்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். காற்று அடிக்கும் இரவில் முதலில் போவது கரன்ட்தான். கைச்சுருட்டியே இருக்கட்டும். சங்கு ஊதினால் என்ன செய்வது என்பதை வாசல் தகரத்தில் பெயின்ட்டில் எழுதியாயிற்று: முதலில் மேற்கை மூடு, பிறகு வடக்கும் தெற்கும், கிழக்கைப் பாதி திறந்தே வை. இந்த வரிசையை மாற்றக்கூடாது. கிழக்கு பாதி திறந்திருந்தால் உள்ளே இருக்கிற காற்று அந்த வழியாக உறிஞ்சப்பட்டு, கூரையைக் கீழே பிடித்துக்கொள்ளும்.

முதல் ஈடு தக்காளி நாற்று தை மாதம் போனது. அகத்தி இப்போது என் இடுப்பு உயரம். அடுத்த ஆடிக்கு ஆள் உயரம் தாண்டும் என்கிறார் மாமனார். ஆடி பிறந்ததும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அங்கே போய் இருக்கப்போகிறேன். உள்ளேயும் வெளியேயும் ஒரு காற்றுமானி வைத்து அளந்து, இங்கே எழுதிய 0.6-உம் 1.3-உம் எவ்வளவு தூரம் சரி என்று அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.